மண்ணுக்குரியதை மண்ணுக்கே கொடுப்போம்

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசிப் பாடவேளையில் நம் பள்ளி முழுவதும் துடைப்பங்களின் ஓசை கேட்கும். தூய்மைக் கேடயத்திற்காக வகுப்பறைகளைப் பார்வையிடும் நாள் அது. கரும்பலகையைத் துடைப்போம். மேசைக்குள் ஒளிந்து கிடக்கும் காகிதத் துண்டுகளையும் பென்சில் சீவல்களையும் வெளியேற்றுவோம். கூட்டியதையெல்லாம் ஒரு சாக்கில் அடைத்து, வாயைக் கட்டி, தாழ்வாரத்தின் கோடியில் வைத்துவிட்டு வருவோம். சிஸ்டர் வந்து சன்னல் கட்டையை ஒரு விரலால் தடவிப் பார்த்து, தூசி இல்லை என்று கண்டு புன்னகைத்தால் அன்று எங்களுக்குத் தலைகால் புரியாது.

சென்ற ஆண்டு, ஆண்டு விழாவுக்கு முந்திய வாரத்தில் அந்தக் கேடயம் எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. அந்த வாரம் நாடக ஒத்திகையின்போது ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்து உடைந்திருந்தது. சில்லுகளைக் கவனமாகக் கூட்டினோம். மதிய உணவின் மீதி, வாழைப்பழத் தோல், சரிகைத்தாள், காலியான பசைக் குப்பி ஆகியவற்றோடு அவற்றையும் அதே சாக்கில் போட்டோம். மாலையில் சாக்கை எடுத்த ஆயாம்மா, தம் வீட்டுக் கோழிகளுக்காக மீதிச் சோற்றைத் தனியே எடுக்க எண்ணிக் கையை உள்ளே விட்டார். உள்ளங்கை கிழிந்து ஐந்து தையல் போடவேண்டியதாயிற்று.

எங்கள் வகுப்பாசிரியை எங்களில் நால்வரை அவர் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். நாங்கள் தலைகுனிந்து நின்றோம். ஆயாம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "உள்ள கண்ணாடி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே, கண்ணுங்களா" என்றார். அவ்வளவுதான்.

கேடயம் எங்கள் வகுப்பறைச் சுவரில் தொங்கியது. கட்டு ஆயாம்மாவின் கையில் இருந்தது. நாங்கள் அறையைத் தூய்மை செய்தோமா, அல்லது எங்கள் அழுக்கை இன்னொருவர் கைக்கு மாற்றினோமா என்ற ஐயம் அன்றுதான் பிறந்தது. அந்த ஐயத்தின் காரணமாகப் படித்ததையும் பெரியோரிடம் கேட்டதையும் வைத்து இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எங்கள் கருத்து சுருக்கமானது. குப்பை என்று இறைவன் எதையும் படைக்கவில்லை. வெவ்வேறு வழியில் செல்லவேண்டிய பொருள்களை நாம் ஒரே வாளியில் கலக்கும்போதுதான் குப்பை பிறக்கிறது. ஆகவே தூய்மை என்பது கூட்டித் தள்ளுவதில் இல்லை; பிரித்து வைப்பதில் இருக்கிறது.

குப்பை என்ற சொல்

'குப்பை' என்றவுடன் இன்று நாம் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். ஆனால் பழந்தமிழில் அச்சொல்லுக்குக் குவியல் என்றே பொருள். நெற்குவியலையும் உப்புக்குவியலையும்கூட அச்சொல்லால் குறித்தார்கள். நம் பாட்டன்மார் காலத்து உழவர் வீட்டிலோ குப்பை என்பது ஒரு சொத்து. வீட்டின் பின்புறம் எருக்குழி இருக்கும். தொழுவத்துச் சாணம், மாடு தின்று கழித்த வைக்கோல், அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டிய சருகு, காய்கறித் தோல், சாப்பிட்ட இலை எல்லாம் அங்கே போய்ச் சேரும். கோடை முடியும் தறுவாயில் அதை வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோவார்கள். அதற்குக் 'குப்பை அடித்தல்' என்று பெயர். "இந்த வருஷம் வயலுக்குப் பத்து வண்டிக் குப்பை அடித்தேன்" என்று ஓர் உழவர் சொன்னால், அது பெருமையாகச் சொல்லும் பேச்சு. இல்லாதவர்கள் விலை கொடுத்தும் வாங்கினார்கள்.

அக்காலத்தவர் எல்லாரும் நம்மைவிட நல்லவர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. அவர்கள் வீட்டுக்குள் வந்த பொருள்களில் பெரும்பாலானவை மண்ணிலிருந்து வந்தவை. எண்ணெய் வாங்க வீட்டிலிருந்தே தூக்குப் போயிற்று. மளிகைச் சாமான் காகிதப் பொட்டலத்தில் சணல் நூல் சுற்றி வந்தது. பூ வாழை இலையில் வந்தது. எனவே எல்லாவற்றையும் ஒரே குழியில் கொட்டினாலும் கேடு இல்லை. இன்று நம் வீட்டுக்குள் வருபவை அப்படிப்பட்டவை அல்ல. பொருள்கள் மாறிவிட்டன, கொட்டும் பழக்கம் மட்டும் மாறவில்லை. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

மண்ணுக்குள் நடக்கும் வேலை

ஒரு வாழைப்பழத் தோலை மண்ணில் போட்டால் என்ன நடக்கிறது? கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் உடனே வேலையைத் தொடங்குகின்றன. அவற்றை நாம் அழைத்துவர வேண்டியதில்லை. வளமான மண்ணில் ஒரு தேக்கரண்டி அளவிலேயே கோடிக்கணக்கில் அவை வாழ்கின்றன. தோலில் உள்ள சர்க்கரையையும் மாவுப்பொருளையும் அவை முதலில் உண்கின்றன. கடினமான நாரையும் காம்பையும் பூஞ்சைகள் சிதைக்கின்றன. மரவட்டை, கரையான், வண்டின் புழு, மண்புழு ஆகியவை பெரிய துண்டுகளைச் சிறியவை ஆக்கிக் கொடுக்கின்றன. முடிவில் எஞ்சுவது கறுத்து, உதிரியாக, முதல் மழை பெய்த மண்ணின் மணத்தோடு இருக்கும் மட்கு. வாழை மண்ணிலிருந்து எடுத்துக்கொண்ட சாம்பல்சத்து மண்ணுக்கே திரும்புகிறது. கீரைத் தண்டின் தழைச்சத்தும், முட்டை ஓட்டின் சுண்ணாம்புச் சத்தும் அவ்வாறே திரும்புகின்றன. மண் நமக்குக் கொடுத்தது கடன் என்றால், அக்கடனைத் தீர்க்கும் வழி இதுதான்.

இவ்வேலை செவ்வையாக நடக்க நுண்ணுயிர்களுக்கு மூன்று தேவைகள் உண்டு. முதலாவது, கலவையான உணவு. காய்ந்த சருகு, வைக்கோல், மரத்தூள் ஆகியவற்றில் கரிச்சத்து மிகுதி. காய்கறித் தோல், சோறு, சாணம் ஆகியவற்றில் தழைச்சத்து மிகுதி. கரிச்சத்து ஏறத்தாழ 30 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு என்ற அளவில் இருந்தால் மட்குதல் விரைவாக நடக்கும். நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஈரமானவற்றை ஒரு கை போட்டால், காய்ந்தவற்றை இரண்டு மூன்று கை போட்டு மூடினால் போதும். இரண்டாவது, ஈரம், பிழிந்த துணியைப் போன்ற ஈரம் இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. மூன்றாவது, காற்று. இம்மூன்றும் அமைந்த பெரிய குவியலுக்குள் சில நாள்களிலேயே வெப்பம் 55 முதல் 65 டிகிரி வரை ஏறும். கையை வைத்தால் சுடும். களை விதைகளும் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவையும் அந்த வெப்பத்தில் அழிகின்றன.

நம் உழவர்களின் எருக்குழியை ஆராய்ந்து உலகறியச் செய்தவர் ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர் ஆல்பர்ட் ஹோவார்டு. 1905ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த அவர், 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி நிலையம் நடத்தினார். செடித்தாள், சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து, இடையிடையே புரட்டி, மூன்று மாதத்தில் எருவாக்கும் வழியை அவர் ஒழுங்குபடுத்தினார். அது 'இந்தூர் முறை' என்று பெயர் பெற்றது. நம் நாட்டு உழவர்களையே தம் ஆசிரியர்களாகக் கொண்டதாக அவர் எழுதினார். தோழியரே, நாம் மறக்கக் கூடாத இன்னொரு பெயர் அவருடைய மனைவி கேப்ரியேல் ஹோவார்டு. அவரும் தேர்ந்த தாவரவியல் அறிஞர். 1913இல் அரசாங்கத்தின் தாவரவியல் அறிஞர் பதவியையே பெற்று, 1930இல் இறக்கும்வரை கணவருக்கு இணையாக ஆராய்ச்சியில் உழைத்தார்.

மண்புழுவின் பெருமையைச் சொன்னவர் சார்லஸ் டார்வின். தம் முதிர்ந்த வயதில், 1881ஆம் ஆண்டில், மண்புழுக்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் அவற்றின் உடல் வழியே சென்று வெளிவருகிறது என்று அவர் கணக்கிட்டார். மழைக்காலத்தில் நம் பள்ளி மைதானத்தில் மண்புழுவைக் கண்டு அலறி ஓடுகிறோமே, அது நமக்குக் கூலி கேட்காமல் உழும் ஏர் அல்லவா?

கலந்தால் என்ன ஆகும்?

அதே வாழைப்பழத் தோலை ஒரு நெகிழிப் பையில் போட்டு, இறுகக் கட்டி, வீதியில் வைக்கிறோம் என்று கொள்வோம். வண்டி அதைக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோகிறது. அதன்மேல் நூறு வண்டிக் குப்பை விழுகிறது. உள்ளே காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில் வாழும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் அங்கே பெருகுகின்றன. அவற்றால் நாற்றமும் மீதேன் என்னும் வாயுவும் உண்டாகின்றன. பூமியைச் சூடாக்குவதில் மீதேன், கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வலிமை உள்ளது. எளிதில் தீப்பற்றவும் கூடியது. அழுகிய குப்பையிலிருந்து வடியும் கறுத்த நீர், பழைய மின்கலம், பெயிண்ட் டப்பா ஆகியவற்றில் உள்ள நஞ்சையும் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீரில் இறங்குகிறது.

இது ஏட்டுச் செய்தி அன்று. சென்னையில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, பறவைகள் வந்து தங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே பல்லாண்டுகளாக வளர்ந்தது. 2022 ஏப்ரலில் அக்கிடங்கில் தீப்பற்றிச் சில நாள்கள் எரிந்தது. சுற்றியிருந்த மக்கள் புகையில் மூச்சுத் திணறினார்கள். அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணை உலகச் சிறப்புடைய சதுப்பு நிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது! ஒரு பக்கம் பட்டம், மறுபக்கம் புகை. அந்தப் புகையில் நம்மைப்போன்ற ஒவ்வொரு வீட்டின் வாளிக்கும் பங்கு உண்டு என்பதை நாம் மறுக்க முடியுமா? நம் நாட்டு வீடுகளிலிருந்து வெளியேறும் குப்பையில் ஏறத்தாழப் பாதி, மட்கி எருவாகக் கூடிய சமையலறைக் கழிவே. அது தனியே நின்றிருந்தால் எரு, கலந்ததால் தீ.

இங்கே நம் பள்ளியைப் பற்றியும் பணிவோடு ஒரு சொல். மாமரத்துச் சருகுகளைக் குவித்து மாலையில் கொளுத்தும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. எரித்தால் இடம் சுத்தமாகிறது, உண்மை. ஆனால் எருவாக வேண்டிய தழைச்சத்து புகையாகப் போய்விடுகிறது. சருகோடு நாம் எறிந்த மிட்டாய்க் காகிதமும் நெகிழிக் குழாயும் சேர்ந்து எரிந்தால் நச்சுப்புகை எழுகிறது. மருத்துவர்கள் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை விலகியிருக்கச் சொல்வது இத்தகைய புகையிலிருந்துதான். மட்குக் குழிக்கு மிகவும் தேவைப்படும் காய்ந்த சருகை எரித்துவிட்டு, ஈரக் கழிவு நாறுகிறதே என்று வருந்துகிறோம்!

மட்காதவை எங்கே போகும்?

எல்லாம் மண்ணுக்குத் திரும்பிவிடும் என்று சொல்ல முடியாது. கண்ணாடி, இரும்பு, அலுமினியம், நெகிழி ஆகியவற்றை மண்புழு உண்ணாது. இவற்றுக்கு வேறு வழி உண்டு. மீண்டும் ஆலைக்குச் சென்று புதுப்பொருளாக வருவது அது. நம் பெற்றோர் சிறுவயதில் "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவி வந்த தள்ளுவண்டிக்காரரை நினைத்துப் பார்க்கட்டும். மறுசுழற்சி என்ற சொல் பரவுவதற்கு முன்பே அதைச் செய்தவர் அவர். பழைய பேப்பர்க்காரரும் காயலான் கடைக்காரரும் இன்றும் அதையே செய்கிறார்கள். மண்ணிலிருந்து அலுமினியத்தைப் புதிதாகப் பிரித்தெடுப்பதைவிட, பழைய அலுமினியத்தை உருக்கினால் ஏறத்தாழ 95 விழுக்காடு ஆற்றல் மிச்சமாகிறது. கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறைவதில்லை. காகிதத்தின் நார் மட்டும் ஒவ்வொரு முறையும் குட்டையாகிறது. ஐந்து முதல் ஏழு முறை அதைப் பயன்படுத்தலாம்.

ஆனால் இங்கும் நிபந்தனை அதுவே: கலக்கக் கூடாது. சாம்பார் கொட்டிய செய்தித்தாளைப் பேப்பர்க்காரர் எடுப்பதில்லை. குழம்பு ஒட்டிய டப்பாவைக் காயலான் கடையில் தள்ளிவைக்கிறார்கள்.

நெகிழியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. தடித்த வாளியும் குடமும் மறுபடி உருக்கப்படுகின்றன. மெல்லிய பைகளையும் பல அடுக்குத் தின்பண்ட உறைகளையும் வாங்குவார் அரிது. அவை மட்குவதில்லை, நாளடைவில் நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகி, மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. ஆகவே அவற்றைப் பிரிப்பதைவிட வாங்காமல் இருப்பதே மேல். 2019 சனவரி முதல் நாளன்று தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு மஞ்சள் பையை மீண்டும் கையில் எடுக்கச் சொன்னது. திருமண வீட்டில் தேங்காய் பழம் போட்டுக் கொடுத்த அந்தப் பை, நம் வீட்டு அலமாரிகளில் எத்தனையோ உறங்கிக் கிடக்கிறது. அதை எழுப்புவதற்குச் சட்டம் வேண்டுமா?

பேசத் தயங்கும் ஒன்று

பெண்கள் பள்ளி மலரில் இதைச் சொல்லாமல் விட்டால் வேறெங்கே சொல்வது? மாதவிலக்கின்போது பயன்படுத்தும் அணையாடைகளைக் கழிவறையில் போட்டு நீரூற்றி அடைத்துவிடுகிறோம். அல்லது கூச்சத்தினால் மற்றக் குப்பைக்குள் மறைத்து வைக்கிறோம். கடையில் விற்கும் அணையாடைகளில் பெரும்பாலானவற்றில் நெகிழி கலந்திருக்கிறது, அவை எருவாகா. அடைப்பை எடுப்பவரும் குப்பையைப் பிரிப்பவரும் நம்மைப்போன்ற மனிதர்களே. பல நேரங்களில் நம் அம்மா வயதுப் பெண்களே. நம் கூச்சத்தின் விலையை அவர்கள் வெறுங்கையால் கொடுக்கிறார்கள். காகிதத்தில் நன்றாகச் சுற்றி, மேலே அடையாளமிட்டு, தனியே கொடுக்க வேண்டும். நன்றாகச் சுற்றியே போட வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே கூறப்பட்ட ஒன்று. விதி இருக்கட்டும், அது அன்பின் கடமையும் அல்லவா?

வீட்டில் எழும் கேள்விகள்

இவற்றை நாங்கள் வீட்டில் சொன்னபோது எதிர்ப்பட்ட கேள்விகள் பல. அவற்றை மறைக்காமல் சொல்கிறோம்.

"மாடி வீட்டில் குழிக்கு எங்கே இடம்?" என்றார்கள் அம்மா. குழி தேவையில்லை, விளிம்பு உடைந்த மண்பானை ஒன்று போதும். அடியிலும் பக்கத்திலும் சிறு துளைகள் இடவேண்டும். கீழே நான்கு விரல் உயரம் சருகு பரப்பி, அதன்மேல் நறுக்கிய காய்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் வாடிய பூவும் போட்டு, ஒரு கை தோட்டமண் தூவி, சிறிது புளித்த மோரோ சாணக் கரைசலோ தெளித்து, மறுபடியும் சருகால் மூடவேண்டும். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை குச்சியால் கிளறிவிட வேண்டும். பானை நிறைந்ததும் இரண்டாவது பானையைத் தொடங்கலாம். இரண்டு மூன்று மாதத்தில் முதற்பானை எருவாகிவிடும்.

"நாறுமே?" என்றார்கள். முதற்பானை நாறத்தான் செய்தது, ஒப்புக்கொள்கிறோம். சருகு போதவில்லை, நீர் மிகுதி. இரண்டு கை சருகு சேர்த்துக் கிளறியதும் இரண்டே நாளில் நாற்றம் அடங்கியது. சிறு பானையில் மீன் முள், இறைச்சி, எண்ணெய்ப் பண்டம் ஆகியவற்றைப் போடாதிருப்பது நல்லது. மீன் கழுவிய நீரை முருங்கைக்கு ஊற்றலாம்.

"புழு வருமே?" என்றார்கள். வரும். சிதைக்கும் வேலைக்கு வந்த கூலியாட்கள் அவை. சருகால் நன்றாக மூடினால் வெளியே வாரா. வேலை முடிந்ததும் தாமே போய்விடும்.

"நாம் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?" என்றார்கள் அப்பா. இது நியாயமான கேள்வி. சில இடங்களில் அப்படி நடப்பதை நாங்களும் கண்டோம். ஆனால் ஈரக் கழிவு நம் வீட்டுப் பானையிலேயே தங்கிவிட்டால் வண்டியில் கொட்டுவதற்கு என்ன இருக்கிறது? உலர்ந்ததை நேரே பேப்பர்க்காரரிடம் கொடுத்துவிட்டால் எஞ்சுவது ஒரு பிடிதானே? பிறர் ஒழுங்காகச் செய்யும்வரை நாம் காத்திருப்பது, கோயிலுக்கு எல்லாரும் வந்தபின் நாம் போகலாம் என்பதற்கு ஒப்பாகும்.

இன்னொன்றும் உண்டு. பிரிக்கும் வேலை எல்லா வீட்டிலும் அம்மாவின் தலையிலேயே விழுகிறது. ஏற்கெனவே விடியுமுன் எழுந்து இரவு கடைசியாகப் படுப்பவர் அவர். குப்பையை உண்டாக்குவதில் வீட்டார் அனைவருக்கும் பங்கு இருக்கும்போது, பிரிப்பதில் மட்டும் ஒருவருக்கே பங்கா? நம் தம்பிகளும் அண்ணன்மாரும் அப்பாவும் தாம் குடித்த காப்பித் தூள் பொட்டலத்தைத் தாமே உரிய கூடையில் போடட்டும். பானையைக் கிளறும் வேலையைத் தம்பியிடம் கொடுத்துப் பார்த்தோம். அவன் ஒரு நாளும் மறப்பதில்லை.

நம் விசுவாசம் கற்பிப்பது

ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தளித்த பிறகு நம் ஆண்டவர் செய்த காரியத்தை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்தெடுக்கச் சீடரைப் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. புதுமை செய்ய வல்லவர்கூட மீதியை எறிந்துவிடவில்லை. கனி கொடாத அத்திமரத்தின் உவமையிலோ, தோட்டக்காரர் இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். எதற்காக? சுற்றிலும் கொத்தி எருப்போடுவதற்காக! தள்ளுபடியான எருவைக் கொண்டே தள்ளுபடியான மரத்தைக் காப்பாற்ற நினைத்தார் அந்த நல்ல தோட்டக்காரர்.

குருத்தோலை ஞாயிறன்று கையில் ஏந்திய ஓலையைச் சிலுவையாக முடைந்து திருப்படத்தின் பின்னால் செருகி வைக்கிறோம். அந்த ஓலைகளே மறு ஆண்டு எரிக்கப்பட்டு, திருநீற்றுப் புதனன்று நம் நெற்றியில் சாம்பலாகின்றன. நாமும் மண்ணிலிருந்து வந்தவர்கள், மண்ணுக்கே செல்பவர்கள் என்று திருச்சபை நினைவூட்டுவது அன்றுதான். மண்ணை இழிவாக நினைப்பவர் தம்மையே இழிவாக நினைக்கிறார்.

அசிசியின் புனித பிரான்சிசைச் சுற்றுச்சூழல் காப்போரின் பாதுகாவலராக 1979இல் அறிவித்தார் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். அந்தப் புனிதரின் பெயரையே ஏற்ற திருத்தந்தை பிரான்சிஸ், 2015ஆம் ஆண்டு 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலை எழுதினார். இயற்கையில் ஒன்றன் கழிவு இன்னொன்றுக்கு உணவாகிறது. மனிதரின் தொழில்முறை மட்டும் அவ்வாறு சுழலக் கற்றுக்கொள்ளவில்லை என்று அதில் வருந்தினார். பொருள்களைத் தூக்கி எறியும் பழக்கம், ஏழை மனிதரைத் தூக்கி எறியும் பழக்கத்தோடு உறவுடையது என்பது அவருடைய போதனையின் சாரம். ஆயாம்மாவின் கையைக் கண்டபின் அது எங்களுக்கு நன்றாகவே விளங்கியது.

எங்கள் வேண்டுகோள்

கருத்துச் சொல்வதோடு நின்றால் போதாது. பள்ளியின் அன்புள்ள சிஸ்டர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

விடுதிச் சமையலறைக்குப் பின்னால் இரண்டு மட்குக் குழிகளுக்கு இடம் தரவேண்டும். ஒன்று நிறையும்போது மற்றது மட்கட்டும். சருகை இனிக் கொளுத்தாமல் அங்கே சேர்ப்போம். கிளறும் பொறுப்பை வகுப்புவாரியாக நாங்களே ஏற்கிறோம், ஆயாம்மாக்களிடம் விடமாட்டோம்.

வகுப்புக்கு மூன்று கூடைகள் வேண்டும்: ஈரமானதற்கு ஒன்று, உலர்ந்ததற்கு ஒன்று, கண்ணாடி, பிளேடு, மின்கலம் போன்ற ஆபத்தானவற்றுக்கு மூடியுள்ள ஒன்று. கழிவறைகளில் அணையாடைகளுக்கெனத் தனிக் கூடையும் சுற்றுவதற்குப் பழைய காகிதமும் வைக்கவேண்டும்.

மூன்றாவது, தூய்மைக் கேடயத்தைப் பற்றியது. இனிமேல் சன்னல் கட்டையைத் தடவிப் பார்ப்பதற்கு முன் எங்கள் கூடைகளைத் திறந்து பாருங்கள், சிஸ்டர். தரை எவ்வளவு மின்னினாலும், ஈரக் கூடையில் ஒரு நெகிழி உறை கிடந்தால் அவ்வாரம் எங்களுக்குக் கேடயம் வேண்டாம். கூடையில் கை விடுபவர் அஞ்சாமல் விடக்கூடிய வகுப்பே தூய்மையான வகுப்பு என்று முடிவு செய்யுங்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது ஒரு பழைய பானையும் சிறிது பொறுமையும்தான். தோழியரே, உங்களிடம் கேட்பது அதைவிடக் குறைவு: எறியுமுன் ஒரு நொடி நின்று, இது யாருக்கு உரியது என்று கேளுங்கள். மண்ணுக்கு உரியதா? ஆலைக்கு உரியதா? அல்லது வாங்கியிருக்கவே கூடாததா?

ஆயாம்மாவின் கை ஆறிவிட்டது. உள்ளங்கையில் வடு மட்டும் இருக்கிறது. எங்கள் முதற்பானையின் எருவை அவர் வீட்டு வாசலில் உள்ள கனகாம்பரச் செடிக்குத்தான் போட்டோம். இப்போது அது பூத்திருக்கிறது. அந்தச் செடிக்கு உணவாகப் போனவற்றில் எங்கள் மதிய உணவின் தோலும் சக்கையும் இருந்தன. ஒரு கண்ணாடிச் சில்லும் இல்லை.

மண்ணுக்குரியதை மண்ணுக்கே கொடுப்போம்! கலவாமல் கொடுப்போம்!